கழுத்தில் ஒரு பலகை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவா தீவுகள் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். அங்குள்ளவர்கள் தங்களை ‘உச்சினான்ச்சு’, அதாவது ஒகினாவாக்காரர், என்கிறார்கள். ஆனால் அவர்கள் பேசுவது ஜப்பானிய மொழியின் வட்டார வழக்குதானே? தனிநாடும் பெரும்பாலானோர் கேட்கவில்லை. அப்படியென்றால் ‘தனி இனம்’ என்பது சீனா ஊதிப் பெரிதாக்கும் கதையா? மரபணு ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கே.

அன்புள்ள கே.,

சீனாவை விடுங்கள். ஒகினாவாக்காரர்களின் மனத்தாங்கல் பெய்ஜிங்கில் பிறந்ததல்ல. மரபணுவும் வேண்டாம். எச்சிலைச் சோதித்து ஒருவர் யாரென்று முடிவுகட்டும் ஆசை எனக்கில்லை. ஆனால் ‘வட்டார வழக்குதானே’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அதை என்னால் விட முடியாது.

ஒகினாவா முன்பு ரியூக்யூ என்ற தனி அரசாக இருந்தது. 1609இல் தெற்கு ஜப்பானின் சத்சுமா சிற்றரசு படையெடுத்து அடக்கிய பிறகும், தலைநகரான ஷூரியின் கோட்டையில் மன்னர் இருந்தார். 1879இல்தான் ஜப்பான் அந்த அரசை ஒழித்து ஒகினாவா மாகாணம் ஆக்கியது. மன்னர் ஷோ தாயை டோக்கியோவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தீவுகளின் பேச்சு ஜப்பானிய மொழிக்கு உடன்பிறப்பு, பிள்ளை அல்ல. டோக்கியோக்காரருக்கு அது புரியாது. 2009இல் யுனெஸ்கோ அதை அழியும் நிலையிலுள்ள தனித்தனி மொழிகளாகவே பட்டியலிட்டது. அதை ‘வழக்கு’ என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியது பள்ளிக்கூடம். தண்டனைக்கே அந்தப் பெயர்தான்: ஹோகென் ஃபுதா, ‘வழக்குப் பலகை’.

வகுப்பில் வீட்டுமொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரப்பலகையை மாட்டுவார்கள். அதைக் கழற்ற ஒரே வழி, அதே தப்பைச் செய்யும் இன்னொரு பிள்ளையைப் பிடிப்பது. ஆசிரியர் காவல் காக்கவே வேண்டாம், பிள்ளைகளே ஒருவரையொருவர் ஒட்டுக்கேட்பார்கள். எவ்வளவு கெட்டிக்கார ஏற்பாடு பாருங்கள்! இன்னும் எத்தனை முறை இதை ‘வழக்கு’ என்பீர்கள்?

சில வருடங்களுக்கு முன் ஜூன் 23 அன்று ஒகினாவாத் தீவின் தெற்கே உள்ள மாபுனிக்குப் போயிருந்தேன். 1945இல் அமெரிக்கப் படை ஒகினாவாவில் இறங்கியபோது நடந்த போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாள் அது. கடலோரக் குன்றில் கருங்கல் சுவர்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள். சில இடங்களில் பெயரே இல்லை, ‘இன்னாரின் குழந்தை’ என்று மட்டும். பெயர் தெரியாமலே போன சிசுக்கள். எண்பதைக் கடந்த ஒரு பெரியவர் ஒரு பெயரின் மேல் தண்ணீர் ஊற்றி, விரலால் எழுத்தெழுத்தாகத் துடைத்துக்கொண்டிருந்தார். உடன் வந்த நண்பர் மொழிபெயர்க்க, பேசினோம்.

சின்ன வயதில் அவரும் பலகை மாட்டியவர். ஒருநாள் அது மாலைவரை கழுத்திலேயே கிடந்தது. எல்லோரும் உஷாராக வாயை மூடிக்கொண்டிருந்தார்களாம். கடைசியில் பக்கத்துப் பையனின் காலை ஓங்கி மிதித்தார். வலி வந்தால் வீட்டுமொழிதானே வரும். ‘இத்தாய்’ என்று ஜப்பானிய மொழியில் கத்தாமல் அவன் ‘அகா!’ என்று கத்திவிட்டான். பலகை கைமாறியது.

1945 ஏப்ரலில், அந்தப் போரின் நடுவே, ஒகினாவாவில் இருந்த ஜப்பானின் 32ஆம் படை ஓர் உத்தரவு போட்டது: ராணுவத்தினரோ பொதுமக்களோ, ஒகினாவா மொழி பேசுபவர் ஒற்றராகக் கருதப்பட்டுத் தண்டிக்கப்படுவார். ஒற்றர்கள் என்று சொல்லிச் சொந்த ராணுவமே ஒகினாவா மக்களைக் கொன்றது.

சரி, உங்கள் கேள்வி. தனிநாடு கேட்காததை வைத்து எதையும் நிறுவ முடியாது. போருக்குப் பின் வந்த 27 வருட அமெரிக்க ஆட்சியில் ஜப்பானோடு சேர வேண்டும் என்று முன்னால் நின்றவர்களே ஒகினாவாவின் ஆசிரியர்கள்தான். அமெரிக்க ராணுவத் தளங்கள் போய்விடும் என்று நம்பினார்கள். 1972இல் சேர்ந்தார்கள், தளங்கள் போகவில்லை. நாட்டின் நிலப்பரப்பில் 0.6 சதவீதமே உள்ள தீவுகளில், ஜப்பானில் அமெரிக்கப் படை மட்டுமே பயன்படுத்தும் தளப் பரப்பின் சுமார் 70 சதவீதம் இன்றும் இருக்கிறது. ‘நான் ஜப்பானியனும்தான், உச்சினான்ச்சுவும்தான்’ என்று அங்கே பலர் சொல்வார்கள். அதில் உங்களுக்கு என்ன குழப்பம்?

அந்தப் பெரியவர் என்னிடம் பேசியது முழுக்க ஜப்பானிய மொழியில். ‘அகா’ ஒன்றுதான் உச்சினாகுச்சி, அவருடைய வீட்டுமொழி. கல்லில் அவர் துடைத்துக்கொண்டிருந்தது அந்தப் பையனின் பெயரை.