சிலிகான் காது அச்சில் முழுசாகக் காயாதது ஏன்?
காதின் உள்பக்கம் இறுகி, அச்சைத் தொட்ட பக்கம் மட்டும் பிசுபிசுக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் கலவை விகிதத்தைச் சந்தேகிக்க வேண்டாம். அது தப்பினால் துண்டு முழுக்கக் கொழகொழத்திருக்கும். குற்றவாளி அச்சுதான்.

பிளாட்டினம் சிலிகானுக்கு (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் வகை) கந்தகம் போன்ற சில பொருட்கள் ஆகவே ஆகாது. கந்தகம் கலந்த களிமண், லேடெக்ஸ் கையுறை, டின் வகை (தகர வினையூக்கியால் இறுகும்) சிலிகான் அச்சு, சரியாகக் கியூர் ஆகாத (முழுசாக இறுகாத) 3D ரெசின் பிரிண்ட், எது பட்டாலும் வினையூக்கி முடங்கும். அந்தப் பிசுக்கு எத்தனை நாள் வைத்தாலும் காயாது.

முழுசாக ஊற்றும் முன் அச்சின் ஓரத்தில் ஒரு ஸ்பூன் கலவை தடவுங்கள். கியூர் நேரம் முடிந்தபின் ஐஸ் குச்சியால் தொட்டால் நூல் இழுக்கிறதா? இழுத்தால் அச்சுக்கு அக்ரிலிக் லாக்கர் (வார்னிஷ் போன்ற பூச்சு) அடித்து, நன்றாகக் காயவிட்டு மறுபடி சோதியுங்கள். ரெசின் பிரிண்டுக்கு இது பல சமயம் போதாது (வெறுத்துப் போகும்!). பிளாஸ்டர் அச்சுக்கு மாறுவதே நிம்மதி.