வெள்ளம் வடிந்த கிணறு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: களனி கங்கை பெருகியதில் எங்கள் கிணறு மூழ்கிவிட்டது. இப்போது வெள்ளம் வடிந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் போட்டால் தண்ணீரைக் குடிக்கலாமா?
– வாசகி, வெல்லம்பிட்டி

பதில்: சேறு கிடக்கும் கிணற்றில் எவ்வளவு பவுடர் கொட்டினாலும் வீண். சேறும் அழுகிய குப்பையுமே குளோரினைத் தின்றுவிடும். கிருமிகளைக் கொல்ல ஒன்றும் மிஞ்சாது. முதலில் இறைத்துச் சுத்தப்படுத்துங்கள். ஆனால் சுற்றுநிலம் ஊறிக் கிடக்கும்போது ஒரே மூச்சில் இறைத்தால், வெளியே ஈரமண் நெருக்கிக் கிணற்றுக் கட்டு இடிந்து விழக்கூடும். அயலில் வெள்ளம் நன்றாக வற்றட்டும். வெள்ளத்தில் நனைந்த மோட்டரை மின்வேலை தெரிந்தவர் பார்க்காமல் போடாதீர்கள். எண்ணெயில் ஓடும் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. அதன் புகை உள்ளே நிற்பவரைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

6 அடி விட்டமுள்ள கிணற்றில் 10 அடி தண்ணீர் நின்றால் அது சுமார் 8,000 லீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் வீதம் 400 கிராம் குளோரின் வேண்டும். 30 வீதக் குளோரின் உள்ள பவுடரானால் 1.3 கிலோ. ஈரித்துக் கட்டிபட்ட பவுடரை வாங்காதீர்கள், அதன் வீரியம் போயிருக்கும்.

மூக்கு வாயை மூடிக்கொண்டு, வெளியிடத்தில், சில பிளாஸ்டிக் வாளிகளில் தண்ணீர் எடுத்துப் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். கழிப்பறை கழுவும் அசிட் பட்ட வாளி வேண்டவே வேண்டாம்; இரண்டும் சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். அரை மணி நேரத்தில் சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும். தெளிந்த நீரை மட்டும் கிணற்றின் உட்சுவரைச் சுற்றி ஊற்றி, வாளியை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். வீட்டுக் குழாய்களிலும் குளோரின் மணம் வரும்வரை திறந்துவிட்டு மூடுங்கள். ஒரு நாள் அப்படியே விட்டு, மணம் போகும்வரை இறையுங்கள். அந்தத் தண்ணீரை மீன் உள்ள குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள்.

அதன்பிறகும் உடனே குடிக்கவேண்டாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீரைச் சோதியுங்கள். 100 மில்லிலீற்றரில் மலக்கிருமியான ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது. முடிவு வரும்வரை தளதளவென்று கொதிக்கவைத்து ஆற்றியே குடியுங்கள், குழந்தைகளுக்குக் கட்டாயமாக. தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ மண்ணெண்ணெய் வாடையோ இருந்தால் குளோரினும் உதவாது, கொதிக்கவைப்பதும் உதவாது. அந்தக் கிணற்றைக் குடிக்கப் பாவிக்காதீர்கள்.

கேள்வி: தொடர்மாடியில் இருக்கிறோம். குழாய்த் தண்ணீருக்கு ஆர்.ஓ. இயந்திரம் (நுண்சவ்வு வழியே அழுத்தி உப்பை நீக்குவது) தேவையா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. அம்பத்தளையில் சுத்திகரித்து வரும் களனி நீரில் உப்பும் கடினத்தன்மையும் பொதுவாகக் குறைவு. ஆர்.ஓ. ஒரு லீற்றர் தர, இரண்டு மூன்று லீற்றரை வீணாக வெளியேற்றும். உங்கள் கவலை மொட்டைமாடித் தாங்கியாக இருக்கட்டும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் பறவை எச்சமும் பல்லியும் விழும். தேங்கிய நீரில் குளோரினும் போய்விடும். அடிமண்டியைத் தேய்த்துக் கழுவி நிரப்பி, 1,000 லீற்றருக்கு வாசனை சேர்க்காத 5 வீத பிளீச் திரவம் 1 லீற்றர் விட்டு, சில மணி நேரம் கழித்து முழுதும் வெளியேற்றுங்கள். கார்பன் ஃபில்டர் வைத்திருந்தால் கார்ட்ரிஜ்ஜைக் காலத்துக்கு மாற்றுங்கள். அது குளோரினை நீக்கிவிடுவதால், பழைய ஈரக் கார்பனில் கிருமி பெருகும்.

கேள்வி: மதவாச்சியில் அக்கா வீட்டுக் கிணற்றில் புளோரைட் கூட என்கிறார்கள். கொதிக்கவைத்தால் போகுமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: போகாது. புளோரைட் நீரில் கரைந்திருக்கும் உப்பு, கூடினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். நீர் ஆவியாக, அது செறிந்துவிடும். இலங்கைத் தர அளவு லீற்றருக்கு 1 மில்லிகிராம். முதலில் சோதித்துப் பாருங்கள். கூடியிருந்தால் ஆர்.ஓ. தண்ணீர் எடுக்கலாம், அல்லது சுத்தமாகச் சேகரித்த மழைநீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். சோறு கறி சமைக்கவும் அதையே பாவிக்கச் சொல்லுங்கள், அரிசி உறிஞ்சும் நீரோடு புளோரைட்டும் உள்ளே போகும். குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் கிணற்றுத் தண்ணீரே போதும்.