ஆப் இருந்தா பிரதிநிதி எதுக்கு? – கடிதம்

வணக்கம் சார்,
ஆன்லைன் மனு, கருத்துக்கேட்புன்னு எது வந்தாலும் விடாம கலந்துக்கறேன். எல்லார் கையிலயும் போன் இருக்கு, ஒவ்வொரு சட்டத்துக்கும் மக்களையே நேரடியா ஓட்டு போட வச்சா என்ன? நடுவுல பிரதிநிதி எதுக்கு? ஹேக் பண்ணிடுவாங்கன்னு நண்பர் பயமுறுத்தறார்.
– எஸ்.

அன்புள்ள எஸ்,

ஹேக்கிங்க இன்ஜினியருங்க பாத்துக்கட்டும். எஸ்தோனியாக்காரங்க 2005லேருந்து இன்டர்நெட்ல ஓட்டு போடறாங்க, 2023 நாடாளுமன்றத் தேர்தல்ல பாதிக்கு மேல ஓட்டு அப்படித்தான் விழுந்துச்சு, ஆனா அவங்களும் அதை வச்சு ஒரு பிரதிநிதியத்தான் தேர்ந்தெடுக்கறாங்க, கவனிச்சீங்களா? பின்ன, திட்டறதுக்கு ஒரு ஆள் வேணாமா!

நீங்க எழுதினப்ப நான் ஐஸ்லாந்து கதையத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். 2008ல பேங்கெல்லாம் கவுந்த பிறகு புது அரசியல் சாசனம் வேணும்னு கிளம்பினாங்க, எம்பி யாரும் இல்லாம 25 பேர் 2011ல உக்காந்து எழுதினாங்க, எழுத எழுத வரைவை இன்டர்நெட்ல போட்டு ஃபேஸ்புக்ல கூட கருத்து வாங்கினாங்க. 2012 அக்டோபர்ல ஓட்டெடுப்பு, ஓட்டு போட்டவங்கள்ல சுமாரா மூணுல ரெண்டு பங்கு பேர் சரின்னுட்டாங்க. அப்புறம்? நாடாளுமன்றம் அதை ஓட்டுக்கே விடாம இழுத்தடிச்சு, 2013ல தேர்தலும் வந்துடுச்சு. ஏன்னா அந்த ஓட்டெடுப்பு வெறும் ஆலோசனை, யாரையும் கட்டுப்படுத்தாது! இதுக்கு மேல எந்த ஆப்ப கண்டுபிடிச்சு என்ன பண்றது சொல்லுங்க.

எனக்கும் பட்ட அனுபவம் உண்டு. ஒரு வரைவு விதிக்கு, எந்த ஆபீஸ்னு விடுங்க, ராத்திரி கண் முழிச்சு பாயின்ட் பாயின்ட்டா ஆட்சேபம் எழுதி அனுப்பினேன். ஒரு ஒப்புகை எண் வந்துச்சு, அவ்ளோதான். விதி அப்படியே வந்துச்சு, ஏத்துக்கல சரி, ஏன் ஏத்துக்கலன்னு ஒரு வரி கிடையாது. தோத்ததுல வருத்தமில்ல, யாராவது படிச்சாங்களான்னே தெரியாதது இருக்கு பாருங்க, அதான் எரிச்சல்.

சும்மா எண்ணிக்கைய வச்சும் ஒண்ணும் ஆகாது. 2017ல அமெரிக்காவுல நெட் நியூட்ராலிட்டி, அதாவது இன்டர்நெட் கம்பெனிங்க எல்லா வெப்சைட்டையும் ஒரே மாதிரி நடத்தணுங்கற விதி, அதப்பத்தி அரசாங்கம் கேட்டப்ப வந்த சுமார் 2.2 கோடி கருத்துல கிட்டத்தட்ட 1.8 கோடி போலின்னு நியூயார்க் மாநிலத்தோட தலைமை அரசு வக்கீல் (அட்டர்னி ஜெனரல்) 2021ல அறிக்கையே விட்டாங்க, அதுல 77 லட்சம் ஒரே ஒரு 19 வயசு காலேஜ் பையன் வேலை. பிரிட்டன்ல பரவாயில்ல, நாடாளுமன்றத்தோட ஆன்லைன் மனுவுக்கு 10,000 கையெழுத்து வந்தா அரசாங்கம் பதில் சொல்லணும், லட்சம் வந்தா விவாதத்துக்கு எடுக்கறதப் பத்தி யோசிக்கணும். பிரெக்ஸிட்ட, அதாவது ஐரோப்பிய யூனியன விட்டு பிரிட்டன் வெளியேறறத, நிறுத்துங்கன்னு 2019ல 60 லட்சத்துக்கு மேல கையெழுத்து, முடியாதுன்னுட்டாங்க, ஆனா காரணம் சொல்லி, விவாதமும் நடத்தி முடியாதுன்னாங்க. நான் கேக்கறது அந்த அளவுதான்.

விடாம கலந்துக்கறேங்கறீங்க, கோவிச்சுக்காதீங்க, போட்டதுல ஒண்ணுக்காவது பதில் வந்துச்சான்னு திரும்பிப் பாத்தீங்களா? கடிதத்துல அதப்பத்தி ஒரு வார்த்தை இல்லியே. பட்டனை அமுக்கிட்டு அடுத்ததுக்கு போயிடறதுக்கு பேரு பங்கேற்பா? உங்கள மாதிரி அக்கறையா மெனக்கெடறவங்களே கம்மி, அதனாலதான் உங்களத் திட்டறேன். அடுத்த தடவ, யாரு எத்தனை நாள்ல காரணத்தோட பதில் சொல்லணும்னு விதியில இருக்கான்னு பாருங்க. இல்லன்னா அதைக் கேட்டே ஒரு மனு போட்டு லிங்க்க அனுப்புங்க, நானும் கையெழுத்து போடறேன்.