அவருக்கென்றால் மட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு எக்செல் கணக்கு ஒன்றை உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன். பக்கத்து மேசை நண்பர், "போன மாதம் நான் கேட்டப்போ உனக்கு நேரமே இல்லையே?" என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன், ஆனாலும் உறுத்துகிறது. ஆண் பெண்ணுக்குச் செய்யும் உதவியெல்லாம் கடைசியில் ஜொள்ளுதானா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எல்லாமே இல்லை. ஆனால் உங்கள் நண்பர் சும்மா சொல்லவில்லை.

2014 லண்டன் மாரத்தானில் ஓடியவர்கள் தொண்டு நிறுவனங்களுக்காக இணையத்தில் நிதி திரட்டினார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது அந்தப் பக்கங்களில் வரிசையாகத் தெரியும். நிக்கோலா ரைஹானி, சாரா ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் அவற்றை அலசி 2015-ல் எழுதினார்கள். நிதி கேட்பவர் அழகான பெண், ஏற்கெனவே ஓர் ஆண் பெரிய தொகை போட்டிருக்கிறார் என்றால், அடுத்து வரும் ஆணின் கை இன்னும் தாராளமாகிவிடுகிறது. பெண் கொடையாளர்களிடம் இந்தப் போட்டி தென்படவில்லை. இத்தனைக்கும் பணம் அந்தப் பெண்ணுக்குப் போகவில்லை, தொண்டுக்குத்தான் போனது! கொடுத்தவர்கள் திட்டம் போட்டுச் செய்திருப்பார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஜொள்ளு மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 1976-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், விமான நிலையத் தொலைபேசிக் கூண்டுகளில் மேற்படிப்புக்கான விண்ணப்பங்களை யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல் வைத்தார்கள். அதில் புகைப்படம் இருக்கும், தபால்தலையும் தயார். லட்சணமான முகம் என்றால் அதிகம் பேர் எடுத்துத் தபாலில் சேர்த்தார்கள், படத்தில் இருப்பது ஆணானாலும் பெண்ணானாலும். அந்த முகத்தை அவர்கள் நேரில் பார்க்கப் போவதே இல்லை. அழகாக இருப்பவர் நல்லவராகவும் இருப்பார் என்று மனம் முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சரி, ஈர்ப்பில் தொடங்கிய உதவி கெட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் பார்ப்பது வேறு. முடித்துக் கொடுத்தேன் என்கிறீர்கள். எப்படிச் செய்வதென்று சொல்லிக் கொடுத்தீர்களா? அடுத்த முறையும் அவர் உங்களிடமே வரட்டும் என்ற ஆசை அதில் ஒட்டிக்கொண்டிருந்ததா? (இருந்தால் நீங்கள் ஒன்றும் அபூர்வப் பிறவி இல்லை.)

அப்புறம், பெண்கள் பெரும்பாலும் இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். "பரவாயில்லை சார், நானே பார்த்துக்கிறேன்" என்று ஒருத்தி சொன்னதும் சில ஆண்களின் முகம் போகிற போக்கைப் பார்த்திருப்பீர்கள். மறுநாள் காலை வணக்கம் பாதியாகிவிடும். ஒரு வாரம் கழித்து, "அவளுக்கு எவ்வளவு செய்திருக்கிறேன்" என்று மூன்றாவது ஆளிடம் பேச்சு கிளம்பும். அங்கே போனது கடன், உதவி இல்லை. வட்டி என்னவென்று சொல்லாமலே கொடுத்த கடன். அதற்குப் பயந்தே, தேவைப்படும்போதுகூட வாய் திறக்காத பெண்கள் உண்டு.

அந்தப் பெண் உங்களிடம் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் உங்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்பது கடிதத்தில் இல்லை. அது தெரிந்திருந்தால் இன்னும் கறாராகப் பதில் எழுதியிருப்பேன்.