பால் கொடுக்கும் காலத்தில் டாட்டூ குத்தலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறேன். மகளுக்கு ஐந்து மாதம், தாய்ப்பால் மட்டும்தான். அவளுடைய பெயரை முன்கையில் தமிழில் டாட்டூ குத்த ஆசை. மாமியோ “அந்த மை பாலோடு பிள்ளைக்குப் போய்விடும்” என்கிறார். உண்மையா? குத்தினால் எத்தனை நாள் பாலை எடுத்து ஊற்றிவிட வேண்டும்? வலி தெரியாமல் இருக்க மரக்கச் செய்யும் கிரீம் பூசலாமா?

பதில்: டாட்டூ மை தாய்ப்பாலில் கலந்ததாக இதுவரை சான்று எதுவும் இல்லை. ஊசி அந்த மையை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில், உட்தோலில் கொண்டுபோய் வைக்கிறது. நிறத் துணிக்கைகள் பருமனானவை. அங்குள்ள நோயெதிர்ப்புக் கலங்கள் அவற்றை விழுங்கி அப்படியே வைத்துக்கொள்கின்றன. டாட்டூ வருடக்கணக்கில் அழியாமல் இருப்பதும் அதனால்தான். கொஞ்சம் நிணநீர்க் கணுக்களுக்குப் போகும். கையில் குத்தியவர்களின் அக்குள் கணுக்களில் நிறம் ஏறியிருப்பதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். பாலுக்குள் நுழையும் அளவுக்கு அந்தத் துணிக்கைகள் சிறியவை அல்ல. ஆகவே பாலை எடுத்து ஊற்ற வேண்டிய தேவை ஒரு நாள்கூட இல்லை.

ஆனாலும் மாமி “வேண்டாம்” என்றதில் நியாயம் இருக்கிறது. பயப்பட வேண்டியது ஊசிக்கு. அந்த ஊசி தோலை ஆயிரக்கணக்கான தடவை துளைக்கிறது. அது சுத்தமாக இல்லாவிட்டால் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி வைரஸ்கள், எச்.ஐ.வி மூன்றும் இரத்தத்தில் ஏற வழி உண்டு. ஹெபடைடிஸ் சி பால் வழியாகப் பரவுவதாகத் தெரியவில்லை. முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசிந்தால் மட்டும் ஆறும்வரை அந்தப் பக்கம் கொடுக்காமல் இருக்கச் சொல்வோம். எச்.ஐ.வி அப்படியல்ல, அது பாலில் வரும். அதுவும் புதிதாகத் தொற்றிய வாரங்களில் உடலில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும், தாய்க்கோ எதுவும் தெரிந்திருக்காது. கர்ப்பகாலத்தில் கிளினிக்கில் எடுத்த எச்.ஐ.வி பரிசோதனையும் வி.டி.ஆர்.எல் (சிபிலிஸ் என்ற பாலியல் நோய்க்கான) பரிசோதனையும் அன்றைய நிலையைத்தான் சொல்லும். இன்று குத்தும் ஊசிக்கு அவை உத்தரவாதம் அல்ல. நல்ல கடையில் இந்த ஆபத்து மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் பலர் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. உங்கள் மகளுக்கு 2, 4, 6 மாதங்களில் போடும் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான) ஊசியில் ஹெபடைடிஸ் பி தடுப்பு இருக்கிறது. இரண்டு போட்டிருப்பீர்கள், மூன்றாவது அடுத்த மாதம். உங்களுக்கு? இலங்கையில் அந்தத் தடுப்பூசி பிள்ளைகளின் அட்டவணைக்குள் வந்ததே 2003இல்தான். தாதியாகவோ ஆய்வுகூடத்திலோ வேலை செய்பவராக இல்லாவிட்டால், உங்களுக்குப் போட்டிருக்க வாய்ப்புக் குறைவு. ஏற்பு வலிக்கான (டெட்டனஸ்) தடுப்பூசி பிரச்சினை இல்லை, கர்ப்பமாக இருந்தபோது எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் போட்டிருப்பார்கள், கர்ப்பகாலக் கார்டைப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி ஊசியைப் பால் கொடுக்கும்போதும் தாராளமாகப் போடலாம்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாவது ஊசி முடியும்போது மகளுக்கு ஏறக்குறைய ஒரு வயது. சோறு, பருப்பு, முட்டை என்று சாப்பிடத் தொடங்கியிருப்பாள். உங்களுக்குக் காய்ச்சல் வந்து ஓரிரு நாள் பால் குறைந்தாலும் அவள் சமாளிப்பாள். இப்போது அவளுக்கு உங்களை விட்டால் வேறு உணவு இல்லை. என்னைக் கேட்டால் அதுவரை பொறுங்கள் என்பேன். பல டாட்டூக் கலைஞர்களும் பால் கொடுக்கும் தாய் என்றால் குத்த மாட்டார்கள். அதனால் பால் கொடுப்பதை மறைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள்.

எப்போது போனாலும், ஊசியை உங்கள் கண்முன்னே புதிய பாக்கெட்டிலிருந்து பிரிக்க வேண்டும். மையைச் சிறு கிண்ணத்தில் உங்களுக்கென்று தனியாக ஊற்ற வேண்டும், மிஞ்சியதைக் கொட்ட வேண்டும். குழாய்த் தண்ணீர் கலந்தால் எழுந்து வந்துவிடுங்கள். 2011–12இல் அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தில், மைக்குள் இருந்த மைக்கோபாக்டீரியம் வகைக் கிருமியால் பலருக்குத் தோலில் மாதக்கணக்கில் ஆறாத பருக்கள் வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் மையில் உள்ள உலோகங்களுக்கும் இரசாயனங்களுக்கும் கடுமையான வரம்பு வைத்திருக்கிறது. அந்த விதிக்கு உட்பட்ட மையா என்று கேளுங்கள். சிவப்பு மைக்குத்தான் ஒவ்வாமை அதிகம். பெயருக்குக் கறுப்பே போதும்.

அப்புறம், கொழும்பில் ஊசி பிடிப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். புள்ளி ஒன்று விடுபட்டால் பிள்ளையின் பெயரே மாறிவிடும். தோலில் பெயரின் மாதிரிப் படியை (ஸ்டென்சில்) ஒட்டியதும், குத்தத் தொடங்கும் முன் நீங்களே எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

கிரீம் விஷயம்: மரக்கச் செய்யும் மருந்தான லிடோகேயின் 4 வீதத்துக்கு மேற்படாத கிரீமைச் சிறிய இடத்தில் மெல்லிதாகப் பூசினால் பாலுக்குப் பாதிப்பில்லை. பெரிய பரப்பில் தடித்துப் பூசி, மேலே பொலித்தீன் சுற்றினால் மருந்து இரத்தத்தில் ஏறும், இதயத் துடிப்பே குழம்பலாம். அளவு கூடிய கிரீம்களைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024இல் எச்சரித்தது. மகளைத் தூக்கும் முன் துடைத்துக் கழுவிவிடுங்கள். வலிக்குப் பனடோல் போதும். காய்ச்சல் அடித்தால் இபுபுரோஃபென், அஸ்பிரின் இரண்டையும் தொடாதீர்கள். கொழும்பில் எந்தக் காய்ச்சலும் டெங்குவாக இருக்கலாம், டெங்குவில் இவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

முன்கை என்கிறீர்கள், பரவாயில்லை. ஆனால் பால் கொடுக்கும்போது அவள் தலை வைக்கும் கை வேண்டாம், உட்பக்கமும் வேண்டாம். மேல்தோல் ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும், நம்மூர் வியர்வையில் சிலருக்கு இன்னும் இழுக்கும். அதுவரை கடலிலோ நீச்சல் குளத்திலோ இறங்க வேண்டாம்.

சிவப்பு பரவிக்கொண்டே போனால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் அன்றே வைத்தியரிடம் போங்கள். பால் கொடுப்பதை முதலிலேயே சொல்லுங்கள். தோல் தொற்றுக்கு வழக்கமாக எழுதும் குளொக்சசிலின், செஃபலெக்சின் போன்றவற்றைப் பாலை நிறுத்தாமலே எடுக்கலாம். ஊசியின் சுத்தத்தில் சந்தேகம் வந்தால், கொழும்பு 10, டி சேரம் பிளேசில் உள்ள தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிலையத்தின் கிளினிக்கில் எச்.ஐ.வி பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. உடனே ஒருமுறை போய்ப் பேசுங்கள், மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதியுங்கள். இடையில் பால் கொடுப்பது பற்றியும் அவர்களிடமே கேளுங்கள்.

இப்போதே கையில் ஏதாவது வேண்டும் என்றால் மருதாணி இலை அரைத்து வைக்கலாம். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் ‘கறுப்பு மெஹந்தி’ கோன் வேண்டாம். தலைமயிர்ச் சாயத்தில் உள்ள பி.பி.டி என்ற இரசாயனம் அதில் கலந்திருக்கும், தோல் கொப்புளித்துத் தழும்பாகிவிடும். மகளின் கையில் எந்த மருதாணியும் வைக்காதீர்கள். ஜி6பி.டி (சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் நொதியம்) குறைபாடு உள்ள குழந்தையாக இருந்தால் மருதாணியே சிவப்பணுக்களை உடைக்கும்.