மலம் கழிக்கும்போது வலி இல்லை, ரத்தம் மட்டும் போகிறது. மருத்துவரிடம் காட்ட வெட்கமாக இருக்கிறது. மூலம்தான் என்று களிம்போடு விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும். எனக்கும் மூலம் இருந்தது. அதோடு வேறொன்றும் இருந்தது என்பதுதான் விஷயம்.

வயதைச் சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவரிடம் காட்ட வெட்கம் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் வீட்டிலும் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டீர்கள். 41 வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். மலம் கழித்து முடிக்கும்போது சொட்டுச் சொட்டாகச் செக்கச்சிவந்த ரத்தம். வலி துளியும் கிடையாது.

முதலில் பார்த்த மருத்துவர் நாற்காலியைவிட்டு எழவே இல்லை. "மூலம்தாம்மா, தண்ணி நிறையக் குடிங்க" என்று களிம்பும் மலமிளக்கியும் எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னது தவறில்லை, பார்க்காமல் சொன்னார் என்பதுதான் என் கோபம். ரத்தம் நின்றது, பிறகு மறுபடி வந்தது. அடுத்து ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போனேன். கையுறை போட்டு விரலால் சோதித்தார், ப்ராக்டோஸ்கோப் என்ற சின்னக் குழாயை வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும், இடுப்பை மூடித் துணி போர்த்தியிருப்பார்கள். சங்கடமாக இருக்கும், சீக்கிரம் முடிந்துவிடும். உள்மூலம், இரண்டாம் நிலை என்றார். முக்கும்போது வெளியே பிதுங்கி, தானாகவே உள்ளே போய்விடும் வகை. உள்மூலம் உருவாகும் இடத்தில் வலி தெரிவிக்கும் நரம்புகள் இல்லை, அதனால்தான் வலிக்காமல் ரத்தம் மட்டும் போகிறதாம்.

வலித்தால் கதையே வேறு. போகும்போது கண்ணாடியால் கிழிப்பதுபோல் வலித்து, போன பிறகும் வெகுநேரம் எரிந்தால் பெரும்பாலும் ஆசனவாய் வெடிப்பு. பக்கத்தில் கட்டி வந்து உடைந்து சீழ் கசிந்துகொண்டே இருந்தால் பௌத்திரம், அது களிம்புக்கு ஆறாது. சளியும் ரத்தமுமாக நாளுக்குப் பலமுறை கழிப்பறைக்கு ஓட வைத்தால் பெருங்குடலில் அழற்சியா என்று பார்க்க வேண்டும். இத்தனையையும் மூலக் கணக்கில் எழுதிவிட்டு மாதக்கணக்கில் களிம்பு பூசிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

அந்த அறுவை சிகிச்சை மருத்துவர் பரிசோதனை முடிந்ததும், "வீட்ல யாருக்காவது குடல்ல ஏதாவது பிரச்சினை இருந்துச்சா?" என்று கேட்டார். இல்லை, அப்பா மட்டும் மஞ்சள் காமாலையில் 48 வயதில் போய்விட்டார், அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன் என்றேன். "காமாலை எதனால வந்துச்சுன்னு அம்மாகிட்ட கேட்டுட்டு வாங்க" என்றார்.

அம்மா முதலில் வேறு எதையெதையோ பேசினார். விடாமல் கேட்டதும், "பெருங்குடல்ல கட்டிடீ. ஈரல் வரைக்கும் போயிருச்சு. அதெல்லாம் வெளிய சொல்ற வியாதியா?" என்றார். குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. பெருங்குடல் புற்று பரவும்போது பெரும்பாலும் முதலில் அங்கே போய் உட்காருவதற்கு அதுதான் காரணம். காமாலை பொய்யில்லை, கடைசிப் பக்கத்தை மட்டும் எங்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இந்தப் புற்று வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்கு 10 ஆண்டு முன்னதாக, இரண்டில் எது முந்தி வருகிறதோ அப்போதே கொலனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, தொடங்கச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு 47-இல் கண்டுபிடித்தார்கள். அப்படியானால் எனக்கு 37. ரத்தம் வந்ததால்தான் 41-இலாவது தெரிந்தது.

கொலனோஸ்கோப்பியைவிட முந்தைய இரவுதான் கஷ்டம். பேதி மருந்துக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, கழிவது சிறுநீர் நிறத்தில் தெளிவாகும்வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சோதனையின்போது மயக்க ஊசி போட்டதால் எனக்கு ஒன்றும் நினைவில்லை. பெருங்குடலில் 12 மில்லிமீட்டர் பாலிப் ஒன்று, அதாவது உட்சுவரில் முளைத்த சின்னச் சதை, இருந்தது, கம்பிச் சுருக்கு மாட்டி அப்போதே எடுத்துவிட்டார்கள். திசுச் சோதனையில் அடினோமா என்று வந்தது. புற்று இல்லை, ஆனால் விட்டுவைத்தால் பல ஆண்டுகளில் ஆகக்கூடிய சாதி. 3 ஆண்டு கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். மூலத்துக்கு ரப்பர் வளையம் போட்டார்கள், அது பெரிய கதையே இல்லை.

என் அண்ணனுக்கு 46 வயது. அவனும் செய்துகொள்ள வேண்டும் என்று சொன்னால், "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்கிறான். பாலிப் இருப்பவர்களில் பெரும்பாலானோர் நன்றாகத்தான் இருப்பார்கள்.    

ரத்தம் என்றாலே புற்றுநோய் என்று பயமுறுத்துகிறாயா என்று யாராவது கேட்க வருவார்கள். நான் மருத்துவர் இல்லை, உங்களுக்குப் புற்று என்றும் சொல்லவில்லை. மூலம் இருப்பது நிச்சயமானாலும் குடலில் இன்னும் மேலே வேறொன்று இல்லை என்பதற்கு அது சாட்சியாகாது, அவ்வளவுதான் சொல்கிறேன். காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, ரத்தசோகை என்று சோதனையில் வந்தாலோ, மலம் போகும் பழக்கம் மாறி அப்படியே நீடித்தாலோ தள்ளிப்போடவே கூடாது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கும் அமெரிக்காவில் சோதனை தொடங்கும் வயதை 2021-இல் 50-லிருந்து 45-ஆகக் குறைத்துவிட்டார்கள்.

வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்: எப்போதிலிருந்து, ரத்தம் சிவப்பா கறுப்பா, வலி உண்டா, வீட்டில் யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது. கடைசிக் கேள்விக்கு அம்மாவிடம் இரண்டு தடவை கேளுங்கள். நிறைய ரத்தம் போய்த் தலை சுற்றினால் மட்டும் தாளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.