முகவர் அக்கா பதில்கள்: மிச்சம் பிடிப்பது யார், தீர்ந்துபோவது யார்?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கி அஞ்சலகச் சேமிப்புக்கு ஆள் சேர்த்தவர் நம் அக்கா. சிக்கனம் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் வீட்டுக்காரர் சிக்கனத்தில் படு கெட்டி. தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஒட்டிப் புதுச் சோப்பாக்குவார். டீத்தூளை இரண்டு தடவை கொதிக்க வைப்பார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். வண்டியில் வரும் தண்ணீரை மட்டும் வாங்கவே கூடாது என்கிறார். குடம் 15 ரூபாய். நான் ஊற்றில் காத்திருந்து சிரட்டையால் மோந்து மூன்று குடம் சேர்ப்பதற்குள் காலையில் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. ஓலைப்பெட்டி முடைவதும் நின்றுபோச்சு.
– ஒரு வாசகி, சாயல்குடி பக்கம்

பதில்: சோப்பு ஒட்டுவதில் ஒரு குற்றமும் இல்லை தங்கச்சி, எங்கள் வீட்டிலும் நடக்கிறது. தண்ணீர்க் கணக்கில்தான் அவர் ஒரு வரியை விட்டுவிட்டார். மூன்று குடத்துக்கு 45 ரூபாய் மிச்சம் என்று எழுதிக்கொள்கிறார். அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் முடைந்திருக்க வேண்டிய பெட்டிக்கு வரும் காசை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. இடுப்புக்குத் தேய்க்கிற தைலத்தையும் எழுதவில்லை. நான் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்த வீடுகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். சிக்கனம் ஆண்பிள்ளை பெயரில் இருக்கும், வேலை பெண்பிள்ளை தலையில் ஏறும். ஒருவர் மிச்சம் பிடிக்க இன்னொருவர் தேய்ந்துபோவதை நான் சேமிப்பில் சேர்ப்பதில்லை.

ஒரு வாரம் அவரையே ஊற்றுக்கு அனுப்புங்கள். மறுவாரம் வண்டித் தண்ணீர் தானாக வாசலில் வந்து நிற்கும்.

அதைவிடப் பெரிய மிச்சம் உங்கள் கூரையில் இருக்கிறது. 200 சதுர அடி தகரக் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 185 லிட்டர். 15 லிட்டர் குடத்துக்குப் பன்னிரண்டு குடம்! கொஞ்சம் வழிந்து வீணானாலும் பத்துக்குக் குறையாது. நமக்கு மழை என்பதே ஐப்பசி, கார்த்திகைதான், அதைத் தெருவில் ஓடவிட்டுவிட்டு மாசியில் குடத்தோடு நிற்கிறோம். கூரை விளிம்பில் பாதியாக அறுத்த பிவிசி குழாயைக் கட்டி, மூடியுள்ள டிரம்மில் இறக்குங்கள். முதல் மழையை விட்டுவிடுங்கள், அது காக்கா எச்சத்தையும் தூசியையும் கழுவட்டும். அப்புறம் வருவதை வெள்ளைத்துணி கட்டிப் பிடியுங்கள். குடிக்க என்றால் கொதிக்க வைத்தே குடியுங்கள். டிரம்மைத் திறந்துபோட்டால் கொசு வளர்ந்து, மிச்சம் பிடித்த காசு ஆஸ்பத்திரிக்குப் போகும்.

கேள்வி: பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே இருப்பதை வழித்துப் பல் தேய்க்கிறேன். மருமகள் சிரிக்கிறாள்.
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: சிரிக்கட்டும் அண்ணாச்சி. இன்னும் ரெண்டு மூன்று நாளைக்கு ஓடும். கத்தரித்த ஓரம் உதட்டைக் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்குள் நிற்கப் பாடுபடுகிறோம். செல்போன் சார்ஜரை உடனுக்குடன் பிடுங்கிவிடுவோம். ராத்திரியில் ஒரே விளக்குதான், பிள்ளைகள் அதன் அடியிலேயே படிக்கிறார்கள். அப்படியும் தாண்டிவிடுகிறது.
– ஒரு வாசகி, தொண்டி

பதில்: சும்மா செருகிக் கிடக்கும் சார்ஜர் ஒரு மாதம் முழுக்கக் கிடந்தாலும் கால் யூனிட் தேறாது. 9 வாட் எல்இடி பல்பு பத்து மணி நேரம் எரிந்தாலும் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. தயவுசெய்து பிள்ளைகளுக்கு இன்னொரு விளக்கைப் போடுங்கள்.

உங்கள் காசைத் தின்பது தலைக்கு மேலே சுற்றுகிறது. பழைய மின்விசிறி 75 வாட். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட், அதுவும் ஒரே விசிறிக்கு. இப்போது வரும், மின்சாரம் குறைவாகத் தின்னும் பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில் ஓடும், அதே நேரத்துக்கு 22 யூனிட் போதும். விலை கூடுதல்தான். ஏற்கெனவே நூறுக்குள் அடங்குகிற வீடு அதை வாங்கி ஒரு பைசா லாபமில்லை, உங்களைப் போலக் கொஞ்சமாகத் தாண்டுகிற வீட்டுக்குப் பொருந்தும். டிவி பார்க்காதபோது செட்டாப் பெட்டியின் சுவிட்சையும் அணையுங்கள், ரிமோட்டில் அணைத்தால் அது தூங்காது. ஃபிரிட்ஜ் இருந்தால் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளை இடுக்கிக் கதவை மூடி, தாள் சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் குளிர்ச்சி வெளியே போகிறது என்று அர்த்தம்.

கேள்வி: எங்க வாப்பாவுக்கு பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. மாத்திரை விலைக்குப் பயந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறார். கேட்டால், "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்கிறார்.
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரஷர் ஏறுவது பல பேருக்கு வெளியே தெரியாது, அதனால்தான் உடம்பு நல்லா இருப்பது போலத் தோன்றுகிறது. மாத்திரையை இப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டால் பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, கண் பார்வை என்று ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டும். ஒரு தடவை மதுரைக்கு ஆம்புலன்ஸில் போய் வருகிற செலவில் எத்தனை வருடத்து மாத்திரை வாங்கலாம் என்று வாப்பாவையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

பிரஷர், சுகர் மாத்திரைகளை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். வெளியில்தான் வாங்குவார் என்றால், அதே மருந்து கம்பெனிப் பெயர் இல்லாமல் மக்கள் மருந்தகத்தில் மலிவாகக் கிடைக்கும், டாக்டரிடம் மருந்தின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். இலவச மருந்துக்கு வரிசையில் நிற்பது கௌரவக் குறைச்சல் என்று வாப்பா நினைத்தால், நீங்கள் போய் நில்லுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் என் சங்கிலி அடகுக்குப் போகிறது. வயிற்றைக் கட்டிச் சேர்த்தும் காசு நிற்கவில்லை. ஆர்.டி. (மாதத் தவணைச் சேமிப்பு) போட்டால் மாதாமாதம் கட்ட முடியுமா என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, ராமேஸ்வரம்

பதில்: வயிற்றைக் கட்டாதே தாயி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், தேதி மாறாமல் வருகிற வறட்சி இது. வருகிற நாள் தெரிந்த செலவுக்குப் பட்டினி தேவையில்லை, முன்கூட்டி எடுத்துவைத்தால் போதும்.

ஆர்.டி. மாதச் சம்பளக்காரருக்கு என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அஞ்சலக ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், 5 ஆண்டு. பல பேருக்குத் தெரியாதது, தவணைகளை முன்கூட்டியே சேர்த்துக் கட்டலாம் என்பது. ஆறு தவணையோ அதற்கு மேலோ ஒரே தடவையில் கட்டினால் சின்னத் தள்ளுபடிகூட உண்டு. தடை முடிந்து கடலுக்குப் போய் வரும் முதல் பாடுகளில் நல்ல பங்கு வருமே, அப்போதே கட்டிவிடு. கட்ட முடியாமல் போனாலும் 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய்தான் அபராதம். நாலு தவணை மட்டும் விட்டுவிடாதே, கணக்கு நின்றுபோகும். பன்னிரண்டு தவணை கட்டியபின் அதில் பாதிவரை கடனாக எடுக்கலாம். உன் சங்கிலி கழுத்திலேயே இருக்கும்.

இது நாளானால் உதவுவது. இந்த வருடத் தடைக்கு, ஒவ்வொரு பாடு முடிந்து வரும் காசிலிருந்தும் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடு. உண்டியல் வேண்டாம், அதன் சாவி இருக்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மீன் விலை இறங்கும் நாளில் சாளையும் காரலும் வாங்கி உப்பில் போட்டுக் காயவை. மணலில் பரப்பாமல் பரண் மேல் வலை விரித்துக் காயவைத்தால் தடை முடியும்வரை குழம்புக்கு ஆகும்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் செய்வதிலேயே உச்சபட்சக் கஞ்சத்தனம் எது?
– ஒரு வாசகர், ஏர்வாடி

பதில்: கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். பழைய வலைத்துண்டு எது கிடைத்தாலும் விடமாட்டேன். பீர்க்கங்கொடிக்குப் பந்தல், கோழிக்கு அடைப்பு, பாத்திரம் தேய்க்கும் நார், எல்லாமே வலைதான். கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில்தான் கணக்கு எழுதுவேன். இந்தப் பதில்களையும் அப்படித்தான் எழுதி அனுப்பினேன். போன தடவை ஆசிரியர் குழுவிலிருந்து ஃபோன். மாத்திரையைப் பற்றிய பதிலைத் திருப்பிப் பார்த்தால், பந்தி எத்தனை மணிக்கு என்று போட்டிருக்கிறதாம், நாங்களும் வரலாமா என்று கேட்டார்கள்.